சக்தி கேட்டால் எடை சொல்வேன்

நான் சங்கு விற்கிறவன். ஐந்து வேளையும் தொழுகிறவன் என்றும் சொல்லிக்கொள்வேன். விடியற்காலைச் சுபுஹு மட்டும் அவ்வப்போது தப்பிவிடும், அதை என் மனைவி காதுபட மறுக்க முடியாது. இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னால் வெளியூர்க்காரர்கள், "பாய், நீங்க போயி பூஜைச் சங்கு..." என்று இழுப்பார்கள். தூத்துக்குடியில் யாரும் அப்படி இழுப்பதில்லை. இங்கே சங்கைக் கடலுக்குள்ளிருந்து எடுக்கிறவர் கழுத்தில் சிலுவை தொங்கும், விற்கிற என் தலையில் தொப்பி இருக்கும், வாங்குகிறவர் நெற்றியில் திருநீறு இருக்கும். சங்கு மூன்று பேரையும் சட்டை செய்வதில்லை.

வாப்பா மவுத்தாகி நான் கடையில் உட்கார்ந்த புதிதில் எனக்கும் ஒரு குறுகுறுப்பு இருக்கத்தான் செய்தது. பள்ளிவாசல் ஆலிம்சாவிடம் போய்க் கேட்டேன். அவர் தேநீரைக் கடைசிச் சொட்டுவரை குடித்து முடித்தார். பிறகு சொன்னார்: "சங்கு கடல்ல கெடக்கிற ஒரு பூச்சியோட வீடு. வீட்டை வித்தா ஒண்ணும் குத்தமில்ல. வாங்குனவரு அதை வச்சி என்ன செய்யுதாருங்கிறது அவரு பாடு. ஆனா நீ வாயத் தொறந்து, இதுல சக்தி இருக்கு, இது செல்வத்தைக் கொண்டாந்து கொட்டும்னு ஒரு வார்த்தை சொன்னியோ, அந்தப் பாவம் உன் தலையில."

அன்று பிடித்த பிடி. சங்கின் எடையைச் சொல்வேன், நிறத்தைச் சொல்வேன், எந்தப் பக்கம் சுழிக்கிறது என்று சொல்வேன், ஊதிக் காட்டச் சொன்னால் அதற்கும் ஆள் வைத்திருக்கிறேன். சக்தி பற்றி மட்டும் மூச்சு விடமாட்டேன்.

"பாய், இதுல சக்தி உண்டுமா?"

"ஐந்நூத்தி நாப்பது கிராம் உண்டும், அக்கா."

கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போனவர்கள் நிறையப் பேர். என் மனைவிக்கு இது ஒரு தீராத வேடிக்கை. "ஊர்ல உள்ள சாமியறைக்கெல்லாம் சாமான் குடுக்கிய. கேட்டா மட்டும், ஆத்தாடி, எனக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லம்பிய," என்பாள்.

ஊதிக் காட்ட வைத்திருக்கும் ஆள் என் பள்ளிக்கூடத் தோழன். சங்கு குளிக்கப் போகிறவன், மூச்சுக்குப் பெயர் போனவன், சர்ச்சுக்குத் தவறாமல் போகிறவன். அவன் படகின் முன்பக்கம் கண்ணாடிப் பெட்டிக்குள் மாதா சுரூபம் இருக்கும். தினமும் புதுப்பூ. நான் சும்மா இருக்க மாட்டேன்.

"ஏலே, மரத்தைச் செதுக்கி அதுக்கு மாலையும் போடுதியே?"

"நாங்க ஆராதிக்கல மக்கா. வணக்கம் செய்யுதோம். ரெண்டும் வேற வேறன்னு சாமியாரே சொல்லியிருக்காரு."

"அந்த வித்தியாசம் மாலைக்குத் தெரியுமாலே?"

அவன் என் கல்லாவுக்கு மேலே பார்ப்பான். அங்கே கறுப்புத் துணியில் பொன்னிற நூலால் தைத்த வசனம் ஒன்றைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். "அது என்ன?" என்பான். அது எழுத்து, உருவம் இல்லை என்பேன். "அப்பம் ஏன் காலைல வந்ததும் அதைத் தொடைக்க? லேசா சரிஞ்சிருந்தா போனி பண்ண மாட்டேங்கியே, ஏன்?" தூசி இருந்தால் துடைக்கத்தானே வேண்டும் என்பேன். "நானும் மாதாவுக்குத் தூசிதாம்லே தொடைக்கேன்," என்று சொல்லிவிட்டு என் தேநீரை எடுத்துக் குடித்துவிடுவான். இருபத்தைந்து வருடமாக இந்த வழக்குக்குத் தீர்ப்பு வரவில்லை. தேநீர் மட்டும் என் செலவில் ஓடிக்கொண்டிருக்கிறது.

இப்படிச் சிரித்துச் சிரித்து ஓட்டிக்கொண்டிருந்த என் வாயை அடைத்தது ஒரு தூக்குவாளி.

ஒரு புதன்கிழமை காலையில் அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு அம்மாள் கடைக்குள் வந்தார். ஆற்றுப் பக்கத்து வயல் கிராமம். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. சாப்பாடு கொண்டுவந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். மூடியைத் திறந்தால் பச்சரிசி. அரிசிக்குள் மஞ்சள் துணி. துணிக்குள் சங்கு.

"அண்ணாச்சி, என்னைத் தெரியுதா?"

"தெரியாம என்னக்கா?" என்றேன். சத்தியமாகத் தெரியவில்லை. அவர் என்னை அண்ணாச்சி என்கிறார், நான் அவரை அக்கா என்கிறேன். மூத்தவர் யார் என்பதில் இரண்டு பேரும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

அவர் சொன்னது இதுதான். இருபத்து நான்கு வருடத்துக்கு முன்னால் அவரும் கணவரும் என் கடைக்கு வந்திருக்கிறார்கள். கல்யாணமாகி ஏழு வருடம், பிள்ளை இல்லை. வீட்டில் ஒரு வலம்புரி வையுங்கள் என்று யாரோ சொல்ல, இதை என்னிடம் வாங்கிக்கொண்டு போனார்கள். வெள்ளிக்கிழமை தோறும் பால் விட்டு, பூ வைத்து, விளக்கு ஏற்றினார். அடுத்த வருடம் மகள் பிறந்தாள். கணவர் போய்ச் சேர்ந்து நான்கு வருடம் ஆகிறது. இப்போது அந்த மகளுக்குக் கல்யாணம், இன்னும் மூன்று வாரம். மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை. போன வெள்ளிக்கிழமை மகள் சங்கைத் துடைக்கும்போது கை தவறிவிட்டது. வால் நுனியில் ஒரு சில்லு போய்விட்டது.

"அன்னையிலருந்து ஒழுங்கா சோறு திங்க மாட்டேங்கா, அண்ணாச்சி. கல்யாணம் முடிஞ்ச பத்தாம் நாள் மாப்பிள்ள கப்பல் ஏறணும். நான் ஒடச்சிட்டேன், அவருக்குக் கடல்ல ஏதாவது ஆயிரும், கல்யாணத்தை நிறுத்திருங்கம்மான்னு ஒரே அழுக. நீங்க ஒரு வெள்ளிப்பூண் போட்டு முன்ன மாதிரி ஆக்கித் தாங்க."

பூண் போடுவது பெரிய வேலையில்லை. சங்கைக் கையில் எடுத்தேன். வலம்புரியைப் பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு. வால் நுனியை மேலே பிடித்து வாயை நம் பக்கம் திருப்ப வேண்டும். வாய் இடப்பக்கம் திறந்தால் சாதாரணச் சங்கு. வலப்பக்கம் திறந்தால் வலம்புரி, அதைப் பத்துப் பதினைந்து வருடத்துக்கு ஒரு முறை கண்ணில் பார்த்தால் பாக்கியம். இது வலப்பக்கம்தான் திறந்தது. பழக்க தோஷத்தில் வாய்க்குள் விரலை விட்டேன். நம் கடல் சங்கு என்றால் உள்தண்டில் வயல் வரப்பு மாதிரி மூன்று நான்கு மேடு விரலில் தட்டும். இதில் வழவழவென்று இருந்தது. இன்னொரு தரம் விட்டுப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை.

இது நம் கடல் சங்கே இல்லை.

இந்த மாதிரிச் சிப்பி எங்கோ தூரத்துக் கடலில் கிடக்கிறது. அங்கே அந்த இனம் முழுக்க வலப்பக்கம்தான் திறக்கும், பிறவியே அப்படி. அதில் அதிசயம் ஒன்றுமில்லை. இதெல்லாம் எனக்குப் பிற்பாடுதான் தெரியும். கடைக்கு வந்த முதல் வருடத்தில் ஒரு கப்பல்காரன் துறைமுகத்திலிருந்து இதைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்தான். வலப்பக்கம் திறக்கிறதைக் கண்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. உள்ளே விரல் விட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. வலம்புரி என்று நம்பி வாங்கினேன், வலம்புரி என்று நம்பியே விற்றேன். யாருக்கு விற்றேன் என்பதுகூட மறந்துபோயிருந்தது.

அந்த அம்மாள் சொல்லிக்கொண்டே போனார். "அன்னைக்கு நீங்க சக்தி உண்டும்னு ஒரு வார்த்தை சொல்லலியே அண்ணாச்சி. வலம்புரி, இத்தனை கிராம்னுதான் சொன்னிய. வெளிய வந்ததும் எங்க வீட்டுக்காரரு சொன்னாரு, பீத்தாம விக்கான் பாரு, இந்த ஆளு பொய் சொல்ல மாட்டான்னு."

நான் பொத்திப் பொத்தி வைத்த ஒழுக்கம்தான் போலியை விற்றுக் கொடுத்திருக்கிறது. அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். பூண் போட நான்கு நாளாகும், வரும்போது மகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். கோழை!

சாயங்காலம் தோழனிடம் காட்டினேன். அவன் விரலை விட்டான், எடுத்தான், என்னைப் பார்த்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். கண்ணில் தண்ணீர் வந்து, புரை ஏறி, நான் முதுகில் தட்டிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

"ஏலே, நெச வலம்புரியிலயே ஒண்ணும் கெடையாதுன்னு நீதான சொல்லுவ? இதுலயும் ஒண்ணும் கெடையாது. அப்புறம் எதுக்கு மூஞ்சியத் தொங்கப் போட்டுருக்க?"

"வலம்புரின்னு சொல்லி வித்திருக்கேம்லா!"

"பூணப் போடு, குடு, வாயப் பொத்து. அந்தப் பிள்ள நிம்மதியா கல்யாணம் முடிக்கட்டும்."

வீட்டில் சொன்னேன். மனைவி சிரிக்கவில்லை. மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "நீங்க நம்பாத சாமிக்கு நீங்களே போலி வித்திருக்கிய. நல்லாத்தான் இருக்கு," என்றாள். மீனை இறக்கி வைத்துவிட்டு, "சரக்குல கொறை இருந்தா வாங்குனவுகட்ட சொல்லணும். அது அவுக சாமி சொன்னதில்ல, நம்ம மார்க்கம் சொன்னது. நாளைக்கு மறுமையில ஆலிம்சாவா வந்து உங்களுக்காக நிப்பாரு?" என்றாள்.

இரண்டு நாள் யோசித்ததில் எனக்கு ஒரு வழி புலப்பட்டது. அந்தப் பெண் எதற்குப் பயப்படுகிறாள்? வலம்புரி உடைந்துவிட்டது என்று. இது வலம்புரியே இல்லை என்று சொல்லிவிட்டால்? அப்புறம் அபசகுனம் எங்கிருந்து வரும்? உண்மையைச் சொன்ன மாதிரியும் ஆயிற்று, பிள்ளையின் பயத்தைப் போக்கிய மாதிரியும் ஆயிற்று. ஒரே கல்லில் இரண்டு மாங்காய். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை தாயும் மகளும் வந்தார்கள். மகள் பட்டப்படிப்பு முடித்தவள், ஆனால் முகம் பத்து நாள் காய்ச்சலில் கிடந்த முகம் மாதிரி இருந்தது. உட்காரவைத்து, தேநீர் சொல்லி, எல்லாவற்றையும் சொன்னேன். கப்பல்காரன், வலப்பக்கம், வரப்பு இல்லாத வாய், என் அவசரம். கடைசியில், ஏதோ பரிசு கொடுக்கிறவன் மாதிரி, "அதனால தாயி, நீ வலம்புரியை ஒடைக்கவே இல்ல. இது ஏதோ ஒரு சிப்பி. இதுல ஒண்ணும் கெடையாது," என்றேன்.

அந்தப் பெண்ணின் முகம் தெளியும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் முகத்தில் மிச்சமிருந்த ரத்தமும் வடிந்துபோயிற்று.

"அப்பம் இவ்வளவு நாளா எங்களுக்குத் துணையா ஒண்ணுமே இல்லியா?" என்று அம்மாவிடம் கேட்டாள்.

யா அல்லாஹ்! உடைந்ததாகவாவது ஒரு வலம்புரி இருந்தது அவளுக்கு. அதையும் நான் பிடுங்கிவிட்டேன்.

தாய்க்கு முதலில் கோபம்தான் வந்தது. வரத்தானே செய்யும். "இருவத்தி நாலு வருசமா நான் யாருக்கு வெளக்கு வச்சேன், அண்ணாச்சி?" என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பணத்தைத் திருப்பித் தந்துவிடுகிறேன் என்றேன், வேறு என்ன சொல்வதென்று தெரியாமல்.

"பணத்தை நீங்க திருப்பித் தந்தா, பிள்ளைய நாங்க திருப்பித் தரணுமா?"

சங்கில் நான் போட்டிருந்த பூணை விரலால் தடவினார். "ஒண்ணு கேக்கேன், சொல்லுங்க. நெச வலம்புரியிலயாவது ஏதாவது இருக்குன்னு நீங்க நம்புதியளா?"

"இல்லக்கா."

"இதுலயும் இல்ல?"

"இல்ல."

"அப்பம் உங்க கணக்குல ரெண்டும் ஒண்ணுதான. பின்ன ஏன் இப்படி வேர்த்து ஊத்துது உங்களுக்கு?" அவர் வாயோரத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. "நான் சங்கையா கும்பிட்டேன்? அதுல வந்து இருக்கிறவளைக் கும்பிட்டேன். வாரவ, வீடு உள்ளூரு ஓடா வெளியூரு ஓடான்னு பாத்துட்டா வாரா?"

இருபத்தைந்து வருடமாக என் தோழனும் நானும் தேநீரைத் தீர்த்தும் எட்டாத இடத்துக்கு இந்த அம்மாள் ஒரே மிடறில் போய்விட்டார். ஆனால் மகள் அப்படியே இருந்தாள். அம்மாவின் பேச்சு அவளைத் தொடவில்லை. கையைக் கோத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடலுக்குப் போகிறவனை நினைத்துப் பயப்படுகிற பெண்ணின் முகம் அது. எங்கள் ஊரில் அதை யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

தாய் சங்கை எடுத்து என் இரண்டு கைக்குள்ளும் வைத்தார். "இதப் பத்தி நீங்க எதுவும் சொல்ல வேண்டாம். இவளுக்கு ஓதி ஒரு ஊது ஊதி விடுங்க. இவளுக்குக் கைப்பிள்ளையில காய்ச்சல் வந்தப்போ பள்ளிவாசல் வாசல்ல நின்னு ஓதி ஊதி வாங்கித்தான் எடுத்துட்டுப் போனேன்."

"அதுக்கு ஆலிம்சாட்ட போகணும்க்கா. நான் யாவாரி."

"தலையில தொப்பி இருக்குல்லா?"

இதற்கு மேல் என்ன பேச? எழுந்து நின்றேன். தெரிந்ததை ஓதினேன். பிறகு தமிழில் கேட்டேன். யா அல்லாஹ், இந்தப் பிள்ளைக்கு நல்ல வாழ்வைக் கொடு, இவள் மாப்பிள்ளை எந்தக் கடலுக்குப் போனாலும் அவனைப் பத்திரமாக இவள் வாசலுக்குத் திருப்பிக் கொண்டுவா, நான் செய்த தப்புக்கு இவளைப் பிடிக்காதே. அவள் தலைக்கு நேரே ஊதினேன். நிமிர்ந்து பார்த்தாள். அன்றைக்கு முதல் தடவையாகத் தேநீர்க் கிளாசை எடுத்து, ஆறிப்போனதை அப்படியே குடித்தாள்.

அவர்கள் சங்கை வாங்கிக்கொண்டு போனபிறகுதான் வாசலில் தோழன் நிற்பதைப் பார்த்தேன். எவ்வளவு நேரமாக நின்றானோ.

"ஏலே, சங்கைக் கையில ஏந்திக்கிட்டா துஆ கேட்ட?"

"கையில இருந்துச்சி. வைக்க எடமில்ல."

"நீ ஊதுனது பிள்ள மேலயா, சங்கு மேலயா?"

"போலே."

"இல்ல, தெரிஞ்சிக்கிடணும்லா. ஆராதனையா, வணக்கமா?"

தேநீர்க் கிளாசை அவன் மேல் எறியலாம் போல இருந்தது.

மூன்றாம் வாரம் கல்யாணத்துக்குப் போனேன், மனைவியோடு. சீர்த்தட்டுகளின் வரிசையில் முதல் தட்டில் பட்டுத்துணி விரித்து அந்தச் சங்கை வைத்திருந்தார்கள். நான் போட்ட வெள்ளிப்பூண் பளபளத்தது. அந்த அம்மாள் என்னை விடவில்லை, கையோடு மாப்பிள்ளை வீட்டாரிடம் கூட்டிக்கொண்டு போனார். ஒளிவுமறைவே இல்லை. "வலம்புரி இல்ல மதினி, வேற ஏதோ கடல் சங்கு. நுனியில கொஞ்சம் ஒடஞ்சிருக்கு. ஆனா பாய் ஓதிக் குடுத்தது!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் ஓதியது பிள்ளைக்கு. சங்கு நடுவில் கிடந்தது, அவ்வளவுதான். சக்தி என்ற சொல்லைக்கூட வாயில் எடுக்காத என்னை வைத்தே ஒரு சிப்பிக்குச் சக்தி ஏற்றிவிட்டார்கள். பக்கத்தில் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினாள்.

மாப்பிள்ளையின் அத்தை தட்டின் மேல் குனிந்து சங்கைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து என்னைக் கேட்டார்:

"சக்தி உண்டுமா, பாய்?"

பதில் நாக்கு நுனியில் இருந்தது. எத்தனையோ ஆயிரம் தடவை சொல்லிப் பழகிய பதில். மணவறையிலிருந்து அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மாப்பிள்ளை, வெயிலில் கறுத்த முகம், பத்து நாளில் கப்பலேற வேண்டியவன்.

"எடை மறந்துபோச்சி, அக்கா," என்றேன்.

அந்த அத்தைக்கு ஒன்றும் விளங்கவில்லை. அம்மாவிடம் என் கிராம் கதையைக் கேட்டிருந்த அந்தப் பெண் சிரித்துவிட்டாள். மனைவி மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தாள். என் கையில் ஏறி இறங்கிய எந்தச் சங்கின் எடையையும் நான் மறந்தவனில்லை என்று அவளுக்குத் தெரியும். நானூற்றுப் பத்து கிராம். பூணோடு சேர்த்து நானூற்று முப்பத்திரண்டு.